இரண்டாவது பள்ளம்

நாகமலை புதுக்கோட்டையில்
மாவு மில்லுக்கு மேலே என் அறை.
கீழே பெரிய மோட்டார் ஓடத் தொடங்கினால்
மேலே குண்டு பல்பு ஒரு கணம் சோர்ந்து
பிறகு சமாளித்துக்கொள்ளும்.
அது மாவு.
அந்தச் சோர்வுக்குள்ளேயே
இன்னொரு சின்னச் சோர்வு வந்தால்
மிளகாய்.
ஐந்து நிமிடத்தில் தும்மல் வந்து உறுதிசெய்யும்.

என் வேலையும் ஏறக்குறைய இதுதான்,
தும்மலைத் தவிர.

பெயரில்லாத ஒரு நட்சத்திரம்.
ரேஷன் கார்டு மாதிரி வெறும் எண்தான் அதற்கு.
இருநூற்று எண்பத்தேழு நாளைக்கு ஒருமுறை
அதன் முகத்தைக் கடக்கிறது ஒரு கோள்.
ஒளி கொஞ்சம் இறங்கி
பதினொரு மணி நேரம் தாழ்ந்தே கிடந்து
மறுபடி ஏறுகிறது.
அந்தப் பள்ளத்தின் கரையில் இன்னொன்று,
இட்லித் தட்டின் குழிக்குப் பக்கத்தில்
ஆவித் துளை மாதிரி,
இருந்தால்
அது நிலா.
அல்லது நட்சத்திரத்தின் மேல் ஒரு கறை.
அல்லது தொலைநோக்கிக்கு வந்த நடுக்கம்.
அல்லது நான்.

கைவசம் நான்கு கடப்புகள்.
முதல் இரண்டும் சொன்ன நேரத்துக்கு வந்தன.
மூன்றாவது
இருபத்திரண்டு நிமிடம் முந்திக்கொண்டது.
உசிலம்பட்டி பஸ் முந்தி வந்தால்
டிரைவருக்கு வீட்டில் ஏதோ அவசரம்.
கோளுக்கு என்ன அவசரம்?
யாரோ கையைப் பிடித்து இழுக்கிறார்கள்,
இருட்டில்,
கூடவே நடந்தபடி.

ஜெசிந்தாவுக்கு வரைபடத்தை அனுப்பினேன்,
ஒரு வார்த்தையும் சேர்க்காமல்.
அவள் ஒரு கேள்விக்குறி அனுப்பினாள்.
பிறகு மூன்று.
அதற்குப் பிறகு இருவரும் தூங்கவில்லை.

மில் திறக்க வந்த துளசிராம்
படியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து
"நிலா கெடச்சிருச்சாம்மா?" என்றார்,
சிலிண்டர் வந்ததா என்று கேட்கும் குரலில்.
"வரும்போல இருக்குண்ணே."
"நம்ம நிலா மாதிரியா?"
"நம்ம பூமியையே உள்ள போடலாம். அவ்ளோ பெருசு."
ஷட்டரைப் பாதி தூக்கியவர் நின்றார்.
"அப்ப அதுல எது கோளு, எது நிலா?"
என்னிடம் பதில் இருந்தது.
சொல்வதற்குள் மோட்டார் ஓடிவிட்டது.

அப்புறம் ஒன்பது வாரம்.
நட்சத்திரத்தின் மெதுவான மூச்சைக் கழித்தேன்.
கருவியின் சூட்டைக் கழித்தேன்.
பக்கத்து நட்சத்திரத்திலிருந்து
வழிந்து வந்த வெளிச்சத்தைக் கழித்தேன்.
ஒவ்வொரு கழித்தலுக்கும்
நிலா கொஞ்சம் மெலிந்தது.
கடைசியில் ஜெசிந்தாதான் கண்டுபிடித்தாள்:
மூன்றாவது கடப்பின்போது
தொலைநோக்கியின் சக்கரம் ஒன்று உராய்ந்து
தன் உடம்பை ஒருமுறை உலுக்கியிருக்கிறது.
அதையும் கழித்தோம்.
பள்ளம் சமதரையானது.
இருபத்திரண்டு நிமிடம்
ஒன்பதாக இறங்கியது.
ஒன்பது,
கூடவோ குறையவோ எட்டு.

ஒன்று மிச்சம் என்று சந்தோஷப்படுவதா?

பௌர்ணமி கழிந்த விடியலில்
தண்ணி கேன் எடுக்க இறங்கினேன்.
நாகமலை முதுகில் உட்கார்ந்திருந்தது இது,
பிழைக்கோடு இல்லாத நிலா.
கணக்குப் போடாமலேயே தெரிந்துவிடுகிற ஒன்றின் மேல்
அப்படி ஒரு எரிச்சல் வந்தது.
கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு
திரும்பிப் பார்க்காமல் படியேறினேன்.

கட்டுரையின் தலைப்பில் இருந்த நிலா
உள்ளே ஒரு பத்திக்குப் போய்,
அங்கிருந்து அடிக்குறிப்புக்குப் போனது.
'இல்லை' என்று எங்கும் எழுதவில்லை.
எழுதியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.
அடுத்த கடப்பு ஐப்பசி பதினாலு.
அன்றைக்கு எந்தக் கண்ணாவது
அந்தப் பக்கம் திரும்பியிருக்குமா தெரியாது.
விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.

நேற்று இரவு
குண்டு பல்பு ஒருமுறை சோர்ந்து எழுந்தது.
மில் பூட்டியிருந்தது.
துளசிராம் கல்யாணத்துக்குத்
திண்டுக்கல் போயிருந்தார்.
காத்திருந்தேன்.
தும்மல் வரவில்லை.
காலண்டர் தாளின் ஓரத்தில்
நேரத்தைக் குறித்து வைத்தேன்:
பதினொன்று முப்பத்திரண்டு.
கூடவோ குறையவோ
ஒரு நிமிடம்.